பழைய கேரவனுக்குக் கொசுவலைக் கதவு: கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் கிடைப்பதில் எது தேறும்?

கேரவனாக மாற்றிய பழைய டெம்போ டிராவலரோ மினி பஸ்ஸோ கைமாறி வரும்போது பெரும்பாலும் காணாமல் போயிருப்பது கொசுவலைக் கதவு. வெளிக்கதவு இருக்கும், பூட்டு இருக்கும். வலைக்கதவு இருந்த இடத்தில் நாலு ஸ்க்ரூ ஓட்டையும் துருப்பிடித்த கீலில் பாதியும்தான் மிச்சம். கதவைச் சாத்தினால் உள்ளே புழுக்கம், திறந்தால் கொசு. ஒகேனக்கலில் ஆற்றோரமாகவோ கிருஷ்ணகிரியின் கே.ஆர்.பி. அணைப் பக்கமோ ராத்திரி வண்டியை நிறுத்துகிறவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் பகலில் கடிக்கும் என்பதால், 'சாயங்காலம் மட்டும் மூடிக்கொள்ளலாம்' என்ற கணக்கும் உதவாது.

இந்தப் பக்கம் நான்கு வகை கிடைக்கிறது: ஆன்லைனில் வரும், நடுவே மேக்னட்டால் ஒட்டிக்கொள்ளும் மேக்னட் திரை, சுருண்டு பெட்டிக்குள் போகும் ரோலர் வலை, மடிப்பு மடிப்பாக விரியும் ப்ளீட்டட் வலை, அலுமினியப் பட்டறையில் அளவு கொடுத்துச் செய்யும் கீல் கதவு. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வெளிப்பக்கமாகத் திறக்கும் கதவுள்ள வண்டிக்குக் கீல் கதவுதான் சரி. ஆனால் வீட்டு ஜன்னலுக்குச் செய்கிற மாதிரியே செய்து மாட்டினால், அதுவும் தொப்பூர் கணவாய் இறங்குவதற்குள் ஆட ஆரம்பித்துவிடும். பட்டறையில் என்ன சொல்லிச் செய்ய வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதலில் வெளிக்கதவைப் பாருங்கள்

எந்த வலை என்பதைத் தீர்மானிப்பது வெளிக்கதவு திறக்கும் விதம்.

கீலில் வெளியே திறக்கும் கதவு என்றால் வலைக்கதவும் வெளியேதான் திறக்க வேண்டும். உள்ளே படிக்கட்டுக் குழி இருப்பதால் உள்பக்கம் திறக்க இடம் இருக்காது. கீலும் வெளிக்கதவுக் கீல் இருக்கும் அதே பக்கம்தான் வர வேண்டும். எதிர்ப் பக்கம் வைத்தால் இரண்டு கதவும் ஒன்றை ஒன்று இடிக்கும். வெளிநாட்டில் செய்த மோட்டார் ஹோம்களில் இரண்டும் ஒரே பக்கக் கீலில் ஜோடியாக வரும். நடுவே ஒரு கொக்கி இருக்கும். மாட்டினால் இரண்டும் ஒரே கதவாகத் திறக்கும், கழற்றினால் வெளிக்கதவு மட்டும் திறந்து வலை நிற்கும். அப்படியே பார்த்துச் செய்ய வேண்டிய அமைப்பு அது.

வேன் மாதிரி பக்கவாட்டில் தள்ளும் கதவுக்குக் கீல் வலை சரிவராது. வலை மூடியிருக்கும்போது உள்ளிருந்து வெளிக்கதவின் கைப்பிடியை எட்டிப் பிடித்து இழுத்துச் சாத்த முடியாது. இதற்கு மேக்னட் திரை அல்லது பக்கவாட்டில் விரியும் வலைதான் வழி. பஸ் கதவு போல மடிந்து உள்ளே போகும் கதவு என்றால், மடிப்பு நிற்கும் இடத்தைத் தாண்டி மேல்படியில், வண்டித் தளத்தின் மட்டத்தில் வலையை வைக்க வேண்டும். படிக்குழி வலைக்கு வெளியே போய்விடும். செருப்பு கழற்றிவிட இடம் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

மேக்னட் திரை

விலை குறைவு, அரை மணி நேரத்தில் மாட்டிவிடலாம். இதன் குறை இரண்டு. ஒன்று, வீட்டு வாசலுக்காக வருவது. அகலம் 90 அல்லது 100 செ.மீ., உயரம் 210 செ.மீ. வண்டி வாசல் 60 முதல் 75 செ.மீ.தான் இருக்கும். நடுவில் மேக்னட் ஜோடி இருப்பதால் ஒரு பக்கம் மட்டும் வெட்டினால் பிளவு ஓரமாக ஒதுங்கிவிடும். இரண்டு பக்கமும் சமமாக வெட்டி, ஓரத்தை மடித்துத் தைக்க வேண்டும். உயரத்தைக் குறைக்கும்போது கீழே வெட்டாதீர்கள். கீழ் ஓரத்தில் இருக்கும் எடை போய்விட்டால் காற்றில் பறக்கும். மேலே வெட்டுங்கள்.

இரண்டு, ஒட்டும் வெல்க்ரோ. வெயிலில் நிறுத்திய வண்டியின் உள் தகடு சுடும் சூட்டில் பசை இளகி, மேல் மூலை முதலில் தொங்கும். மேல் பக்கத்துக்கு மட்டுமாவது ஒரு அலுமினியப் பட்டையை வைத்து ரிவெட் அடித்துத் திரையை அதில் பிடிக்க வைத்தால் தாங்கும். தள்ளும் கதவுள்ள வண்டிக்கு இது போதும். மற்றவர்களுக்கு, நல்ல கதவு தயாராகும்வரை ஒப்பேற்ற.

ரோலர், ப்ளீட்டட்

வீட்டில் இரண்டுமே அழகாக இருக்கும். வண்டியில் ரோலர் வலையின் ஸ்பிரிங் அதிர்வில் மெல்ல இழுவை இழக்கும். காற்று அடித்தால் வலையின் ஓரம் பக்கச் சேனலை விட்டு வெளியே வரும். ப்ளீட்டட் வலையை நேராகப் பிடித்திருப்பது உள்ளே ஓடும் மெல்லிய நூல்கள். ஒன்று அறுந்தாலும் மொத்த வலையும் ஒரு பக்கம் சாயும். அதைவிடக் கீழ்த் தடம்தான் பெரிய தொல்லை. வாசலில் ஏறுகிற ஒவ்வொரு காலும் அதன் மேல்தான் படும், மண் அதில்தான் சேரும். கிரானைட் குவாரிச் சாலைகளில் ஓடும் வண்டிக்குள் சேரும் பொடியைப் பார்த்தவர்கள் இதை வாங்கமாட்டார்கள். விலையும் அதிகம். வேறு வழியே இல்லாத தள்ளுகதவு வண்டிக்கு மட்டும், கீழ்த் தடத்தைப் படியின் மட்டத்துக்குக் கீழே பதித்துப் போடலாம்.

அலுமினியப் பட்டறையின் வேலை

கிருஷ்ணகிரி, தர்மபுரி, ஓசூர் மூன்று ஊரிலும் ஜன்னல், கிச்சன் கப்போர்டு செய்யும் அலுமினியக் கடைகளுக்குக் குறைவில்லை. வெட்டு, மூலைச் சேர்ப்பு, வலை இழுப்பு எல்லாம் அவர்கள் தினமும் செய்கிற வேலை. கை சுத்தமாகவே இருக்கும். அளவும் பொருளும் இருந்தால் பெரும்பாலும் ஒரே நாளில் முடியக்கூடிய வேலை. சிக்கல் அவர்கள் கையில் இல்லை, பழக்கத்தில் இருக்கிறது. "வீட்டுக்குப் போடறதுதாங்க, வண்டிக்கும் அதே போதும்" என்று சொல்வார்கள். போதாது. வீட்டுக் கதவு சுவரில் நிற்கிறது. வண்டிக் கதவு ஓடும்போதெல்லாம் உதறப்படுகிறது. கோளாறு வரும் இடங்கள் இவை.

செக்ஷன், அதாவது சட்டம் செய்யும் அலுமினியக் குழாய். வீட்டு மெஷ் கதவுக்கு எடை குறைந்த, மெல்லிய செக்ஷனைத்தான் எடுப்பார்கள். குழாய்த் தகட்டின் கனம் 1.2 மி.மீ.க்குக் குறையாததைக் கேளுங்கள். வெட்டிய முனையில் வெர்னியர் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். மூலையில் உள்ளே கிளீட் என்ற எல் வடிவத் துண்டைப் போட்டு ஸ்க்ரூவால் இறுக்குவது வீட்டு முறை. அதிர்வில் ஸ்க்ரூ கழலும். ஒரு மூலைக்கு, ஒவ்வொரு கைக்கும் இரண்டாக நான்கு ரிவெட். நான்கு மூலைக்கும் சேர்த்து 16. 4 மி.மீ. ரிவெட்டுக்கு 4.1 மி.மீ. ட்ரில்.

தொங்கல். வலை என்பது துணி மாதிரி; சட்டத்தைச் சதுரமாகப் பிடித்து வைக்கும் பலம் அதற்கு இல்லை. அதனால்தான் வெறும் வலை போட்ட கதவு சில மாதத்தில் கீல் இல்லாத பக்கம் கீழே இறங்கிப் படியில் உரசும். இதற்கு மருந்து, கீழே 25 முதல் 30 செ.மீ. உயரத்துக்கு 3 மி.மீ. ஏசிபி ஷீட் (இரண்டு மெல்லிய அலுமினியத் தகட்டுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்த பலகை). அந்தப் பலகை சட்டத்தைக் கோணாமல் பிடிக்கும், கால் உதையும் தாங்கும். இடுப்பு உயரத்தில் ஒரு குறுக்குச் சட்டமும் வேண்டும். இருட்டில் கதவைத் தள்ளும் கை அதில்தான் படும், வலையில் படாது.

கைவிடும் ஜன்னல். இதை எந்தக் கடையும் தானாகச் செய்யாது, நாம் கேட்டால்தான் உண்டு. வலையைச் சாத்திய பின் வெளிக்கதவை உள்ளிருந்து பூட்டவோ திறக்கவோ கை போக வழி வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் வலையைத் திறக்க வேண்டும், கொசுவும் அந்த நேரத்தில்தான் உள்ளே வரும். வெளிக்கதவின் கைப்பிடிக்கு நேரே 20 × 15 செ.மீ. அளவில் ஒரு திறப்பு விட்டு, 3 மி.மீ. அக்ரிலிக் துண்டை மேலும் கீழும் யு சேனலில் ஓடவிட்டால் போதும். குறுக்குச் சட்டத்தை ஒட்டியே இதை அமைத்தால் கூடுதல் சட்டம் ஒன்று மிச்சம். தள்ளும் துண்டில் விரல் வைக்க ஒரு குமிழ் இருக்கட்டும்; அதன் உயரம் வெளிக்கதவில் இடிக்காதபடி பார்க்க வேண்டும்.

அளவு எடுப்பது

கடையிலிருந்து ஆள் வந்து அகலம் ஒன்று, உயரம் ஒன்று என்று குறித்துக்கொண்டு போனால் திரும்பக் கூப்பிடுங்கள். பழைய வண்டியின் வாசல் சதுரமாக இருக்காது. அகலத்தை மேலே, நடுவே, கீழே மூன்று இடத்திலும், உயரத்தை இரண்டு பக்கத்திலும், பிறகு மூலைக்கு மூலை இரண்டு அளவும் எடுக்க வேண்டும். மூலை அளவுகளுக்குள் 6 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால், வாசலுக்குள் பொருந்தும் கதவை விட்டுவிட்டு, உள் விளிம்பில் ஒரு அலுமினிய ஆங்கிள் சட்டம் மூலைமட்டமாக அடித்து, அதற்குள் கதவை வைப்பதே நல்லது. கோணலை ஆங்கிளுக்கும் வண்டித் தகடுக்கும் நடுவே மறைத்துவிடலாம். வித்தியாசம் அதற்குக் குறைவு என்றால் கிடைத்ததில் சிறிய அளவை எடுத்து, இரண்டு பக்கத்திலும் மேல்பக்கத்திலும் தலா ஒரு நூல், கீழே இரண்டு நூல் கழித்தால் சரி. பட்டறைக் கணக்கில் ஒரு நூல் 3 மி.மீ. சுமார். உருண்ட மூலையுள்ள வாசல் என்றால் அட்டையில் மூலையை வரைந்து வெட்டிக் கொடுங்கள். வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது.

இதைவிட முக்கியம் ஆழம். வெளிக்கதவு மூடியபின் அதன் உள்முகத்துக்கும் வாசல் சட்டத்துக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது? டேப் உள்ளே போகாது. சப்பாத்தி மாவை எலுமிச்சை அளவு உருட்டி, பிளாஸ்டிக் தாளில் சுற்றி, வலைக்கதவு வரப்போகும் இடத்தில் மேலே, கைப்பிடிக்கு நேரே, கீழே என்று ஒட்டுங்கள். வெளிக்கதவை ஒருமுறை இறுக்கிச் சாத்தித் திறந்தால் மாவு நசுங்கிய கனம்தான் உங்களுக்கு இருக்கும் இடம். 25 மி.மீ. சட்டமுள்ள கதவுக்கு எல்லா இடத்திலும் 30 மி.மீ.யாவது வேண்டும். பெரும்பாலும் உள் கைப்பிடிக்கு நேரேதான் குறையும். அங்கே கைவிடும் ஜன்னல் வருவதால் சமாளித்துவிடலாம். பாட்டில் வைக்கும் பாக்கெட் கதவில் இருந்தால் அதைக் கழற்ற வேண்டியதுதான்.

எந்த வலை

கடையில் சாதாரணமாக இருப்பது ஃபைபர் கிளாஸ் வலை, அங்குலத்துக்கு 18 × 16 இழை. இழை 0.28 மி.மீ. என்றால் கண் சுமார் 1.1 × 1.3 மி.மீ. கொசு நுழையாது. ஆற்றோரத்தில் விளக்கைச் சுற்றும் பொடிப் பூச்சிகளும், மாம்பழ சீசனில் கூடையை ஏற்றியதும் கூடவே வரும் குட்டி ஈக்களும் நுழையும். அதையும் தடுக்க 20 × 20 வலை கேட்கலாம். கண் 1 மி.மீ.க்குள் வந்துவிடும், காற்றும் அந்த அளவுக்குக் குறையும். ஒரே கதவும் ஒரே ஜன்னலும் உள்ள வண்டிக்கு 18 × 16 போதும் என்பதே எங்கள் கருத்து. ஒரு ஃபேன் ஓடினால் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

எஸ்.எஸ். 304 (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) வலை பலமானது, எலி கடிக்காது. ஆனால் ஒருமுறை முழங்கை பட்டுக் குழி விழுந்தால் நிமிராது. நாய், குழந்தைகள் உள்ள வண்டிக்குக் கனமான பாலியஸ்டர் வலை ஃபைபர் கிளாஸைவிட நன்றாகத் தாங்கும். மலிவான நைலான் வலையை மட்டும் ஒதுக்கிவிடுங்கள். வெயிலில் மொறுமொறுவென்று உடையும்.

வலையை இழுக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். சட்டத்தை மேசையில் படுக்கவைத்து, நான்கு பக்கமும் 5 செ.மீ. கூடுதலாக வலையை விரித்து, ஒரு மூலையிலிருந்து, வலையைச் சட்டத்தின் பள்ளத்தில் பிடித்துவைக்கும் ரப்பர் பீடிங்கை, இரண்டு சின்னச் சக்கரமுள்ள கை ரோலரால் அழுத்திக்கொண்டே வர வேண்டும். 'டைட்டாக இருக்கட்டும்' என்று இழுத்தால் நீளச் சட்டங்கள் உள்ளே வளைந்து நடுவில் அகலம் குறையும். வாசலில் வைத்தால் நடுவே வெளிச்சம் தெரியும். சுருக்கம் இல்லாமல் படிந்தால் போதும், பீடிங் உள்ளே போகும்போது அதுவே இழுத்துக்கொள்ளும். எஸ்.எஸ். வலைக்கு முதலில் ரோலரின் கூர்த்த சக்கரத்தால் வலையை மட்டும் பள்ளத்தில் மடித்துவிட்டு, பிறகு குழிந்த சக்கரத்தால் பீடிங்கை ஏற்ற வேண்டும். மீதி வலையை வெட்டும்போது பிளேடு பீடிங்கின் வெளிப்பக்கம் சாய்ந்திருக்கட்டும். உள்பக்கம் சாய்ந்தால் வலை அறுந்து, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

வண்டியில் மாட்டுவது

இதை அலுமினியக் கடையிடம் விடலாமா, பாடி கட்டும் பட்டறைக்குக் கொண்டுபோகலாமா என்றால், இரண்டாவதே மேல். கதவைச் செய்வது பாடிப் பட்டறைக்காரர்களுக்கு வராது. கனமான தகட்டில் லாரிக் கதவு மாதிரி ஒன்றைக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் வண்டித் தூணில் எங்கே ஓட்டை போடலாம், எங்கே ஒயர் ஓடுகிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். ட்ரில் எடுக்கும் முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றச் சொல்லுங்கள். வாசல் தூணுக்குள்ளேயே படி விளக்கின் ஒயர் போகலாம்.

கீல்: தனித்தனிக் கீல் வேண்டாம். முழு நீளத்துக்கும் எஸ்.எஸ். பியானோ கீல். பாரம் ஒரே இடத்தில் விழாது. கதவுப் பக்கம் 4.8 மி.மீ. ரிவெட், 10 செ.மீ.க்கு ஒன்று, இரண்டு தகடும் சேர்ந்த கனத்தைவிட 7 மி.மீ. நீளம் கூடுதலாக எடுக்க வேண்டும். வண்டிப் பக்கம் தகடு மெல்லியது. நேரடியாக ஸ்க்ரூ ஏற்றினால் ஓட்டை தேய்ந்து, பிறகு எந்த ஸ்க்ரூவும் பிடிக்காது. பழைய கதவு காணாமல் போனதற்கே அதுதான் காரணமாக இருக்கும். தகட்டு ஓட்டையில் இறுகி மறை கொடுக்கும் எம்5 ரிவெட் நட் போட்டு எஸ்.எஸ். போல்ட் முடுக்குங்கள்; ஓட்டை 7 மி.மீ. பழைய ஓட்டைகள் அதற்கு மேல் தேய்ந்திருந்தால் விட்டுவிட்டுப் பக்கத்தில் புதிதாகப் போடுவதே சரி.

போட்ட ஓட்டை ஒவ்வொன்றின் விளிம்பிலும் ப்ரைமர் தொட்டு வையுங்கள். இரும்புத் தகடும் அலுமினியமும் நேராகத் தொட்டுக்கொண்டு ஈரம் பட்டால் அலுமினியம் வெள்ளையாகப் பூத்து அரிக்கும். நடுவே பியூட்டைல் டேப் என்ற பிசுபிசுப்பான ரப்பர் டேப் போட்டால் அரிப்பும் இல்லை, சத்தமும் இல்லை. பழைய ஓட்டைகளை அடைக்க சிலிக்கான் வாங்கும்போது நியூட்ரல் என்று கேட்டு வாங்குங்கள். காடி வாசனை அடிக்கும் வகை இரும்பை அரிக்கும். கடைகளில் கண்ணாடிக்காகக் கையில் இருப்பது பெரும்பாலும் அந்த வகைதான்.

சுற்றிலும் இடைவெளி அடைக்க, ஸ்லைடிங் ஜன்னலில் போடும் ஊல் பைல் என்ற மயிர்ப்பட்டை நல்லது. கனமான ரப்பர் பீடிங் போட்டால் வலைக்கதவு முழுதாகச் சாத்தாது, வெளிக்கதவையும் தள்ளிப் பிடிக்கும். சாத்திப் பிடிக்க மேக்னட் கேட்ச் மட்டும் போதாது, ஒரு ரோலர் கேட்ச்சும் வேண்டும். ஆனால் உள்ளிருந்து ஒரு கையால் தள்ளினால் திறக்கிற மாதிரி இருக்க வேண்டும். உள்ளே கேஸ் அடுப்பு இருக்கும் வண்டியில், வெளியே ஓடும் வழியில் தாழ்ப்பாள் போடுவது கூடாது. ஓடும்போது ஆடாமல் இருக்க, முன்பு சொன்ன ஜோடிக் கொக்கியால் வெளிக்கதவோடு சேர்த்து மாட்டுங்கள்.

விலையும் பேச்சும்

மெஷ் கதவுக்குச் சதுர அடிக் கணக்கில்தான் விலை பேசுவார்கள். 2 அடிக்கு 5.5 அடி வாசல் 11 சதுர அடி. இவ்வளவு சின்ன வேலைக்கு குறைந்தபட்சம் இத்தனை அடி என்று சில கடைகள் ஏற்றிப் போடும். முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது. ஏசிபி, அக்ரிலிக் ஜன்னல், பியானோ கீல் எல்லாம் தனியாகச் சேரும் என்பதால், சதுர அடி விலையை விட்டுவிட்டு எல்லாம் அடங்கிய ஒரே தொகை கேட்டு, செக்ஷன் கனம், ரிவெட், வலை வகை மூன்றையும் பில்லில் எழுதி வாங்குங்கள். பவுடர் கோட்டிங் வேண்டுமென்றால் வெட்டி, ஓட்டை போட்ட பிறகு, மூலை சேர்ப்பதற்கு முன் அனுப்ப வேண்டும். அதற்குத் தனியாக நாள் பிடிக்கும். வெள்ளைப் பளபளப்பு பிடிக்காவிட்டால் தவிர அது அவசியமில்லை.

கதவை வாங்கும்போது இருட்டியபிறகு போய் வாங்குவது ஒரு நல்ல பழக்கம். உள்ளே விளக்கைப் போட்டு, வெளியே நின்று பார்த்தால் வெளிச்சம் கசியும் இடமெல்லாம் கொசு வரும் இடம். கடைக்காரரிடம் விரலால் காட்டலாம், வாதமே இருக்காது. பிறகு ஒரு சுற்று ஓட்டிவந்து வேகத்தடையில் நாலுமுறை ஏறி இறங்கி, கதவு கீழே உரசுகிறதா என்று பார்த்துவிட்டு மீதிப் பணத்தைக் கொடுங்கள். அதே பீடிங்கில் நான்கு மீட்டரும் வலையில் ஒரு துண்டும் கையோடு கேட்டு வாங்கி வண்டிக்குள் போட்டு வைத்தால், அடுத்த முறை வலை கிழியும்போது கடையைத் தேட வேண்டியதில்லை.